மூன்று தட்டு

தோளில் மூன்று தட்டு விழுந்தது. ஆனால் வண்டி இறங்கவில்லை.

பின்னால் ஆள் ஏறினால் ஸ்பிரிங் ஒரு விரற்கடையாவது அமுங்க வேண்டும். முப்பது வருடமாகத் தராசு பழுதுபார்க்கிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதையும் கையில் வாங்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார், பத்து கிராம் பிசகாது. மனைவி ஐம்பத்தெட்டு கிலோ. அந்த ஐம்பத்தெட்டு கிலோ ஏறவே இல்லை. இருந்தாலும் முதல் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார். பழக்கதோஷம், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கோட்டை, இடிந்த அரண்மனை, கல்பாலம் என்று பக்கத்தில் எங்காவது கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை அவளோடு பேசத் திரும்பி வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். அன்றைக்கே அவள் சட்டம் போட்டுவிட்டாள். வண்டியில் பேச்சு கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால், ஏறி உட்கார்ந்தாயிற்று, கிளம்பு. தபால் அலுவலகத்தில் நாளெல்லாம் முத்திரை குத்துகிற கை அவளுக்கு; தோள்பட்டை கன்றிப்போகும்.

இன்றைக்கு விழுந்த தட்டு மெத்தென்று இருந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

களைப்பு இருக்காதா? மத்தியானம் முழுவதும் இன்றைக்கு வந்த பழைய கோட்டையை ஒரு மூலை விடாமல் சுற்றியாயிற்று. கடைசியாக இறங்கிய நிலவறைத் தானியக்கிடங்கில் ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த நாற்றம் தொண்டைவரை ஏற, கைவிளக்கு வெளிச்சத்தில் எதிரொலி கேட்கிறதா பார்க்கிறேன் என்று அவள் சுவரில் மூன்று முறை தட்டினாள். மூன்றும் திரும்பி வந்தன, ஆனால் உடனே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யோசித்துவிட்டுத் தட்டியது போல, மெத்தென்று.

"பாருங்க, நம்ம பாஷையைக் கத்துக்கிச்சு," என்று அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும், இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டும், ரெண்டே நிமிஷம் என்று உள்ளே ஓடினாள். அவர் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அந்தத் தட்டு.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது மைல்கல் தாண்டியபோது வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. பத்து கிலோ. அடுத்த வளைவில் முப்பது. ஓடுகிற வண்டியில் யாராவது இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார்களா? கண்ணாடியில் எப்போதும் படபடக்கிற அவள் துப்பட்டா நுனியைக் காணோம், சாலை மட்டும் தெரிந்தது. இத்தனை காற்றடித்தும் அந்தச் சுண்ணாம்பு நாற்றம் போகவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது.

நாற்பது. ஐம்பது. ஐம்பத்தெட்டு.

அங்கே நின்றது. பத்து கிராம் பிசகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். நம் வீட்டுக்காரிதான். எனக்குத்தான் வயசாகிவிட்டது.

ஹெல்மெட்டுக்குள் பொருத்தியிருந்த புளூடூத்தில் போன் அடித்தது. தானாகவே எடுத்துக்கொண்டது.

"ஏங்க, எங்க போயிட்டீங்க? வாசல்ல வண்டியக் காணோம்."

அவள் குரல்.

கை தானாக பிரேக்கைப் பிடித்தது. வண்டி நின்றது. முதுகில், சட்டையைத் தாண்டி, சில்லென்று ஏதோ சாய்ந்தது.

"வாசல் காவலாளி கூட நில்லு," என்றார்.

"அவரு அப்பவே கிளம்பிட்டாரு. சீக்கிரம் வாங்க, இருட்டுது. பயமா இருக்கு."

போக வேண்டும். அவளைத் தனியாக அங்கே எப்படி விடுவது? ஆனால் போனால், இதையும் சுமந்துகொண்டல்லவா போக வேண்டும்? அவளிடமே கொண்டுபோய் இறக்குவதா? இருபத்தாறு வருடமாகக் கூடவே இருக்கிறவள். அழுகை வந்தது அவருக்கு. கடவுளே, கடவுளே என்று வண்டியைத் திருப்பினார்.

"அடடே, வந்துட்டீங்களா!" என்றாள் அவள்.

அவர் இன்னும் மூன்றாவது மைல்கல்லைக்கூடத் திரும்பத் தாண்டவில்லை.

"இந்தா நிக்கிறீங்களே. முதுகக் காட்டிக்கிட்டு. நான் பதறிப்போயிட்டேன் தெரியுமா? குறும்புக்கு அளவே இல்ல உங்களுக்கு."

"அது நான் இல்ல!" கத்தினார். "ஏறாத! ஏறாதம்மா! உள்ள ஓடு!"

"போதும், போதும் விளையாட்டு." செருப்புச் சத்தம். நடக்கிறாள். "வண்டில பேச்சு கிடையாது. சட்டம்னா சட்டம்தான்."

அந்தப் பக்கம் அவள் போன் பைக்குள் விழுந்தது. ஜிப் இழுபட்டது. அணையவில்லை. எல்லாம் கேட்டது.

ஒரு இன்ஜின். அவர் வண்டியின் அதே கரகரப்பு.

அங்கே ஸ்பிரிங் கிரீச்சிட்டு அமுங்கியது.

பிறகு மூன்று தட்டு. பலமாக. முத்திரை குத்துகிற மாதிரி.

இன்ஜின் உறுமியது. நகர்ந்தது. சிக்னல் தேயத் தேய அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். பிறகு அதுவும் இல்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

அவர் தோளில் விழுந்தது.

ஒன்று.

இரண்டு.

இப்போது மெத்தென்று இல்லை. அவள் கை மாதிரியே இருந்தது.

மூன்று.