பாதியாய்ப் போன மெத்தியோனின்

மழையோடு மழையாக அந்த நாமக்கல் தீவன ஆய்வகத்துக்குள் நுழைந்தவன், நனைந்த தாளொன்றை அவளுடைய மேசையில் அறைந்தான்.

"ஏனுங்க, இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?"

அக்சிலியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இமை நுனிகளில் மழைத்துளிகள்... அவற்றின் கீழே சினத்தில் சிவந்த கண்கள். இத்தனை சினத்திலும் 'ங்க' போடுகிறானே!

"என்னுதுதாங்க. எதுக்குக் கத்துறீங்க?"

"பேரு வளவனுங்க. தீவன மில்லுல கலவை போடறேன். கோழித் தீவனத்துல மெத்தியோனின் பாதிதான் இருக்குதுன்னு எழுதிட்டீங்க. மீதியை நான் வித்துட்டேன்னு, நாப்பது பேருக்கு முன்னால பூபதி மொதலாளி என்னைத் திருடன்னுட்டாருங்க!"

"என் ஆய்வு தப்பாதுங்க. நீங்க கெமிஸ்ட்ரி படிச்சிருக்கீங்களா?"

"கோழி படிச்சிருக்கேனுங்க."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் வாயை அடைப்பதற்காகவே பதிவேட்டைத் திறந்தாள்.

விரல் நின்றது.

அளப்பதற்குத் தீவனத்தை அமிலத்தில் கொதிக்கவைக்க வேண்டும்; ஆனால் மெத்தியோனின் என்னும் அந்தக் கந்தக அமினோ அமிலத்தை நேரே அதில் இடலாகாது. அரைகுறையாக ஆக்சிசனேறிச் சிதைந்து, அளவில் குறைந்துவிடும். முதல்நாளே பனிக்கட்டிக் குளிரில் வைத்து, முழுதும் ஆக்சிசனேற்றிவிட வேண்டும். அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் அது நிலைக்கும். புதியவர்களுக்கெல்லாம் இதைக் கற்பிப்பவளே அவள்தான். அந்தப் படிக்குரிய கட்டமோ... வெறுமையாகக் கிடந்தது!

சேலம் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் விட்டிருக்கிறாள். ஒருத்தியின் அவசரத்துக்கு ஒரு மனிதனின் மானமா விலை? என்ன அநியாயம்!

பதிவேட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடவும் கை போயிற்று... எதிரே அந்தக் கண்கள்.

அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"பூபதி ஐயாங்களா? ஆய்வை நான்தான் தப்பாச் செஞ்சுட்டேனுங்க. அவர்மேல பழி போடாதீங்க. மறுபடி செஞ்சு, மூணு நாள்ல எழுதியே தர்றேன்."

இப்போது திகைத்து நின்றவன் வளவன்.

"மூடி மறைச்சிருக்கலாமேங்க... உங்க வேலை?"

"போனாப் போகட்டுங்க."

வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பியது. மறு ஆய்வில் மெத்தியோனின் ஒரு குறையுமின்றி இருந்தது. மூன்றாம் நாள் வளவன் வந்தான்.

"ரிசல்ட்டைத்தான் மில்லுக்கே அனுப்பிட்டேனே... அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... இந்தப் பக்கமா வந்தேனுங்க..."

"அரைகுறையாச் சொல்லாதீங்க. கொதியில நிக்காது."

வளவன் தலைகுனிந்தான்... பின் நிமிர்ந்தான்.

"நீங்க சர்ச்சு, நாங்க மாரியம்மன் கோயிலு. ரெண்டு ஊடும் கொதிக்குமுங்க. அதனால முழுசாவே சொல்லிப்போடறேன். உங்களை எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

அக்சிலியா மறுபடியும் திடுக்கிட்டாள். இம்முறை எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட அவள் விரும்பவில்லை.

"எனக்கும்தாங்க..."