சந்தியில் வைத்த போன்

தக்சாயினி லப்டொப்பின் மூடியைத் திறந்தாள். சோற்றை இறக்கி வைக்கக் குசினிக்குப் போய் வந்த நேரத்துக்குள் லப்டொப் உறங்கி எழும்பியிருந்தது. எழும்பியதும் வீட்டு வைஃபையை மறந்துபோய், ஆரையும் தெரியாத பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. காலையிலும் பாஸ்வேட் அடித்துக் கொடுத்தவள் அவள்தான், நேற்றும் அவள்தான். என்ன சனியன் இது!

பழைய லப்டொப்புக்கு எல்லாக் கோளாறும் வரும். ஆனால் இந்தக் கோளாறு அவளுக்குப் புதிதில்லையே. சுபாஸ்கரன் உயிரோடு இருந்தபோது இதைத்தான் செய்வான். அவள் மூடியைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போனால் போதும், வந்து திறந்து சேமித்த இணைப்பையெல்லாம் அழித்து, வைஃபை பாஸ்வேட்டையும் மாற்றி வைப்பான். கொழும்பில் இருக்கிற தங்கச்சியோடு கதைக்க வேண்டுமென்றால் அவனிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் சும்மா இல்லை, முழங்காலில் நின்று கேட்க வேண்டும்.

ஒருநாள் மாட்டேன் என்றாள். அடுத்த வீட்டு வைஃபை பாஸ்வேட்டை வாங்கித் தங்கச்சிக்கு இரண்டு வரி எழுதினாள். "ஆரைக் கேட்டுத் திறந்தனீ?" என்றபடி வந்தவன், எழுதிக்கொண்டிருந்த இடது கைக்கு மேல் மூடியை அறைந்து சாத்தி, அதற்கு மேல் முழங்கையை ஊன்றி, முழுப் பாரத்தையும் இறக்கினான். சின்னவிரலும் மோதிரவிரலும் இன்றைக்கும் நிமிராது. அவளுடைய போனை அதற்கு முதலே கிணற்றுக்குள் எறிந்துவிட்டான், படுபாவி.

பிறகு கண்டி வீதியில் மணல் ரிப்பர் லொறி ஒன்று அவனுடைய வலது தொடைக்கு மேலால் ஏறிப் போனது, காற்சட்டைப் பைக்குள் கிடந்த போனோடு சேர்த்து. ஆஸ்பத்திரியில் அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடி நொறுங்கி, பற்றரி பிதுங்கி, வெடிப்புகளுக்குள் இரத்தமும் சதையும் காய்ந்து கிடந்தது. செத்த வீட்டில் எல்லாரும் அழுதார்கள். தக்சாயினியும் அழுதாள், இனி அடி விழாது என்ற நிம்மதியில்.

செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, அவனுக்குப் பிடித்த நண்டுக்கறியும் மீன்பொரியலும் அரைப்போத்தல் சாராயமும் படைத்தார்கள். பொழுதுபட்ட பிறகு அதையெல்லாம் ஓலைக் கடகத்தில் வைத்து, ஒழுங்கை முடிகிற சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவது முறை. செத்தவர் தின்றுவிட்டு அப்படியே போய்விட வேண்டும். கடகத்தைத் தூக்க வந்த சுபாஸ்கரனின் தமையன் கனகசபாபதி, உள்ளே கிடந்த போனைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"உதை ஏன் பிள்ளை வைச்சனீ? சந்தியிலை சாப்பாடு மட்டும்தான் வைக்கிறது."

"அவரின்ரை சாமான் அத்தான். அவரோடையே போகட்டும்."

"தின்னக் குடுத்தால் திண்டிட்டுப் போவான். பாவிச்ச சாமானைக் குடுத்தால் பிறகும் பாவிப்பான் பிள்ளை."

அவள் கேட்கவில்லை. அவனுடைய ஒரு துரும்பும் இந்த வீட்டில் கிடக்கக் கூடாது என்ற வெறி அவளுக்கு. அடுத்த நாள் காலையில்தான் லப்டொப் முதல்முறையாக மறந்தது.

இன்றைக்கு நாலு மணிக்கு லப்டொப்பில் நேர்முகம். கொழும்புக் கம்பனி ஒன்றின் கணக்கு வேலை, எங்கிருந்தும் செய்யலாம். கிடைத்தால் ஏழு வயது ஆரணியைக் கூட்டிக்கொண்டு தங்கச்சியிடம் போய்விடலாம். கிடைக்காவிட்டால் அவனுடைய வீட்டில், அவனுடைய ஆட்கள் போடுகிற சோற்றைத் தின்று, அவனுடைய படத்துக்கு விளக்குக் கொளுத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அரியாலை ஊருக்கு மேல் கார்த்திகை மழை பகலையே இருட்டாக்கி வைத்திருந்தது. ஓட்டுக்கூரையில் இருந்து ஒழுகிய தண்ணீர் முற்றத்து வாளிக்குள் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருக்க, கடல்நீரேரிப் பக்கத்தில் இருந்து வந்த சேற்று மணம் ஈரச் சுவர்களிலும் தலையணைகளிலும் ஏறி, அதற்குள்ளே எங்கேயோ மெல்லிசாக, பழகிய சாராய வாடையும் கலந்து வந்தது. அவள் யன்னலைச் சாத்தினாள். வாடை போகவில்லை.

ரவுட்டரில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பட்டியலில் வீட்டு வைஃபை இல்லை. அடுத்த வீட்டுக்காரருடையதும் இல்லை. ஒரே ஒரு பெயர்தான் கிடந்தது.

சுபாஸ்.

அவனுடைய போனின் ஹொட்ஸ்பொட். அதற்குப் பக்கத்தில் ஒரேயொரு சிக்னல் கோடு. தூரத்தில் இருக்கிறதாம்.

ஆரோ எடுத்துத் திருத்திப் பாவிக்கிறாங்கள், வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பிதுங்கிய பற்றரி ஞாபகத்துக்கு வந்தது. படக்கென்று மூடியைச் சாத்தினாள். முருகா முருகா என்றபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திறந்தாள்.

சுபாஸ். இரண்டு கோடு.

ஆரணி ரியூசன் முடிந்து அந்தச் சந்தியால்தான் வர வேண்டும். "கடகத்தைப் பாராமல் ஓடி வா குஞ்சு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். பிள்ளை சொல்வழி கேட்பாள். இப்போது எழும்பிப் போய் அவளைக் கூட்டிவரலாம், ஆனால் மணி நாலாகப் போகிறது. இந்த வேலை போனால் எல்லாம் போச்சு. அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தொடவில்லை. அது தானாகவே இணைந்தது. பாஸ்வேட் கேட்கவில்லை. எப்போதும் கெஞ்ச வைத்தவன் இன்றைக்குச் சும்மா விட்டிருக்கிறான்.

திரையில் கம்பனி மேடம் உதயகலா வந்தார். நல்ல சிரித்த முகம்.

"சத்தமில்லாத இடமா? வீட்டிலை வேறை ஆரும் இருக்கினமா?"

"இல்லை மேடம். நான் மட்டும்தான்."

மூன்று கோடு.

ஒழுங்கையில் செருப்புச் சத்தம். ஒரு அடி. பிறகு ஒரு இழுவை. ஒரு அடி. ஒரு இழுவை. மேடம் ஏதோ கேட்டார். தக்சாயினி ஏதோ சொன்னாள்.

முற்றத்துப் படலை கிறீச்சிட்டது.

நாலு கோடு.

கதவடியில் ஆரணி நின்றாள். தெப்பமாக நனைந்து, புத்தகப் பையோடு. அப்பாடா என்று வந்தது தக்சாயினிக்கு. பெற்ற பிள்ளைதானே.

"அம்மா, கடகத்துக்குள்ளை இது அடிச்சது. எடுத்தனான்."

கையில் அந்தப் போன். செத்த கண்ணாடி. கருப்பு.

"ஆர் கதைச்சது?"

பிள்ளை நடந்து வந்தது. வலது காலை இழுத்து இழுத்து. போனை மேசையில் வைத்தது. பக்கத்தில் வந்ததும் வாயில் இருந்து அடித்தது, பச்சைச் சாராயம்.

"தக்சாயினி?" என்றார் மேடம். "பிள்ளைக்கு என்ன நடந்தது? முகம்..."

சின்னக் கை. மூடியின் மேல்.

"கையை எடு குஞ்சு."

எடுக்கவில்லை.

"கையை எடு! ஐயோ!"

மூடி இறங்கியது. இடது கைக்கு மேல். பழைய முறிவுக்கு மேலேயே. மளுக்கென்ற சத்தம். இன்னொன்று. ஏழு வயதுப் பிள்ளை முழங்கையை ஊன்றி மேசைக்கு மேல் தொங்கியது. ஒரு பெரிய ஆம்பிளையின் பாரம். தக்சாயினி கத்தினாள். மற்றக் கையால் தள்ளினாள். அசையவில்லை. மூடிக்குள் மேடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அதுவும் நின்றது.

"ஆரைக் கேட்டுத் திறந்தனீ?"

ஆரணியின் குரல்தான். கேள்வி அவனுடையது.

மூடி மெல்ல எழும்பியது. எழுத்துகளுக்கு இடையில் இரத்தம். விரல் ஒன்று எந்தப் பக்கம் போகக் கூடாதோ அந்தப் பக்கம் போய்க் கிடந்தது. திரை விழித்தது. எல்லாம் மறந்திருந்தது. மேடம் இல்லை. வேலை இல்லை. பாஸ்வேட் கேட்கிற வெள்ளைப் பெட்டி மட்டும்.

"கேள்," என்றது பிள்ளை. "கேக்கிற மாதிரிக் கேள்."

கதவு திறந்துதான் கிடந்தது. ஓடலாம். ஆரணியை இவனிட்டை விட்டிட்டு எங்கை ஓடுறது?

தக்சாயினி முழங்காலில் நின்றாள்.

பிள்ளை அவளுடைய தலையைத் தடவியது. பால்பல் விழுந்த வாயால் சிரித்தது. பிறகு அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, ஈரமான எழுத்துகளுக்கு மேல், ஒவ்வொரு விரலாக விரித்து வைத்தது.