பயிற்சி வாத்து

அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். நான்காவதற்குப் படியேற வேண்டும். படிக்கட்டில் சன்னல் கிடையாது. பகல் இரண்டு மணிக்கே சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறினேன். ஈரத்துணியைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தது போல ஒரு வாடை. என் மனைவி ஆறு வருடம் அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். வாடையைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் இறந்த நான்காம் மாதம் அவள் பார்த்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் பள்ளியில் கணினிப் பாடம் எடுத்தவன். அந்த வேலையை விட்டேனா, போகாமல் இருந்துவிட்டேனா என்று சரியாகச் சொல்ல முடியாது.

"இதான் அவ இடம்," என்றார் அக்கா. பிரிவின் மேற்பார்வையாளர் அவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அக்காதான். "நாற்காலி கொஞ்சம் இடது பக்கம் சாயும். திட்டாம உக்காரு, பழகிடும்."

அவள் அந்த நாற்காலியில்தான் இறந்தாள். மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. மாலை நாலரை மணி, வகுப்பின் நடுவில். திரைக்கு அந்தப் பக்கம் பதினைந்து குழந்தைகள் அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை இதுதான். குழந்தைகள் படம் வரைந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் இணையக் குழு அது. சேர்பவர்கள் எல்லோரும் தங்களைக் குழந்தைகள் என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் குழந்தைகள் அல்ல. அதனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத் தினமும் நான்கு மணிக்குப் பாதுகாப்பு வகுப்பு. பாடத்திட்டம் என் மனைவியுடையது. வகுப்பு நடக்கும்போதே ஆசிரியர் வேறொரு பெயரில் அரட்டைக்குள் நுழைந்து, அந்நியனைப் போல நைச்சியமாகப் பேச வேண்டும். பிள்ளைகள் சிவப்புப் பொத்தானை அழுத்தி அவனை விலக்க வேண்டும். கடைசியில், "பயப்படாதீங்க, இது வெறும் பயிற்சி. வந்தது நான்தான்" என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அவளுடைய பயிற்சிப் பெயர் வாத்து. அவள் போனதும் அந்தக் கணக்கை நீக்கிவிட்டார்கள். எனக்கு ஆமை என்று ஒன்று கொடுத்தார்கள்.

மேசைக்கு மேலே சுவரில் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை. அந்நியனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். உன் வருத்தத்தை உன்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார். வீட்டில் யார் யார், எப்போது தனியாக இருப்பாய் என்று கேட்பார். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை மெல்லக் கேட்பார். யாரிடமும் சொல்லாதே என்பார்.

அதைத் தினமும் உரக்கப் படித்தேன்.

பதினோராம் நாள், நான் ஆமையாக உள்ளே போகும் முன்பே திரையில் ஒரு வரி வந்தது.

வாத்து உள்ளே வந்துள்ளது.

"எல்லாரும் என்ன வரையறீங்க?" என்று கேட்டது அது.

ஒரு நிமிடத்துக்குள் பதினைந்து குழந்தைகளும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்கள். பதினாறாவதாக அழுத்த வேண்டியவன் நான். நீக்கப்பட்ட கணக்கு ஒன்று திரும்பி வந்தால் உடனே தடுத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அதுதான் விதி.

நான் அழுத்தவில்லை.

வகுப்பு முடிந்ததும் தனி உரையாடலில் எழுதினேன். "யார் இது?"

மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின.

"சாப்டியா? நேத்தும் அரை வயித்தோடதானே படுத்தே."

உண்மை. நானும் அவளும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் வா, போ என்றுதான் பேசுவோம்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படி விளையாடுகிறவர்களைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் நான்கு மாதமாக என்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

ஒன்பது நாட்கள் பேசினோம். தினமும் வகுப்பு முடிந்த பிறகு, அரை மணி நேரம். அந்த நேரத்தில் விசைப்பலகை சில்லென்று ஆகிவிடும். படிக்கட்டின் வாடை மேசை வரை வரும். நாற்காலி இடது பக்கம் சாய்வதை நிறுத்தியிருந்தது. பின்னால் யாரோ முட்டுக்கொடுத்து நிற்பது போல.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன தம்பி, திரையைப் பாத்துச் சிரிக்கறே?" என்றார் அக்கா ஒரு நாள். "மூணு வாரமாச்சு. உன் பல்லு என்ன நிறம்னு இன்னிக்குத்தான் தெரியுது."

"பசங்க ஏதோ எழுதினாங்க அக்கா."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது.

"எனக்கு இங்க ஒவ்வொண்ணா மறந்துட்டு வருது," என்று எழுதியது வாத்து. "நீதான் ஞாபகப்படுத்தணும். வீட்ல இப்ப யார் யாரு இருக்கீங்க?"

நானும் சிட்டுவும் மட்டும் என்றேன். சிட்டு எங்கள் மகள். ஒன்பது வயது.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாவா இருக்கா?"

"நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும். தாழ்ப்பாள் போட்டுக்குவா."

ஒன்பதாம் நாள் ஐந்து மணிக்கு அது கேட்டது. "வாசல்ல ஒண்ணு சொல்லுவோமே, அது என்ன? நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது."

அதுவும் என் மனைவி செய்த ஏற்பாடுதான். கதவைத் தட்டுகிறவர் அந்த வாக்கியத்தைச் சொல்லாவிட்டால் சிட்டு திறக்கக் கூடாது. குரல் அப்பாவுடையதாகவே இருந்தாலும். உலகத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த வாக்கியம். அதைக் கூட அவள் மறந்துவிட்டாள் என்று படித்தபோது, அவள் இறந்த பிறகு முதல் முறையாக எனக்குக் கண் கலங்கியது.

"ஒட்டகத்துக்குச் செருப்பு வாங்கியாச்சு," என்று தட்டினேன்.

புள்ளிகள் வெகுநேரம் துள்ளின.

"நன்றி. யார்கிட்டயும் சொல்லாதே."

அவள் எனக்கு நன்றி சொன்னதே இல்லை.

தலையைத் தூக்கினேன். எதிரே அட்டை.

"நீ யார்?" என்று எழுதினேன்.

"பயப்படாதே. இது வெறும் பயிற்சி."

வாத்து வெளியேறியது.

நாற்காலி இடது பக்கம் சாய்ந்தது.

"தம்பி, என்னாச்சு? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"வாத்து... வாத்து வந்துச்சு அக்கா."

"எந்த வாத்து? அதைத்தான் நான் என் கையாலயே நீக்கினேனே!"

அதற்குள் நான் படிகளில் இருந்தேன். வாடை இல்லை. ஆறு வருடமாக அங்கே இருந்தது எங்கோ புறப்பட்டுப் போயிருந்தது.

வழியெல்லாம் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. எங்கள் வீடு இரண்டாம் மாடியில். தாழ்வாரம் முழுக்க மாலை வெயில். வாசலுக்கு முன்னால் மட்டும் ஈரத்துணி வாடை.

தட்டினேன்.

"யாரு?"

"அப்பாதாம்மா. திற."

"அதைச் சொல்லுங்க."

"ஒட்டகத்துக்குச் செருப்பு வாங்கியாச்சு. சீக்கிரம் திற சிட்டு."

கதவிடுக்கில் அவள் கிசுகிசுப்பு.

"எங்கப்பா அப்பவே வந்துட்டாரே. அவரும் சரியாத்தான் சொன்னாரு."

உள்ளே ஏதோ தரையில் உரசி நகர்ந்தது.

"யாரும்மா அது?"

என் குரல்.

"தெரியலப்பா. உங்களை மாதிரியே பேசறாங்க."

"நல்ல பொண்ணு. திறக்காதே."

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தோம். சிட்டு மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை அவள் மேல். என்னைப் பார்த்து அலறினாள். நான் தூக்கியதும் கடித்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள்.

அக்கா பதிவுகளைத் தேடிப் பார்த்தார். ஒன்பது நாட்களுக்கும் என் வரிகள் மட்டும்தான் இருந்தனவாம். பதில் ஒன்றுகூட இல்லை.

எட்டு மாதங்கள் ஆகின்றன. வேலையை விட்டேன். வீடு மாறினோம். புது வீட்டில் கணினி இல்லை. புது வாக்கியம் வைத்திருக்கிறோம். அவள் காதில் நான் சொன்னது. எங்கும் எழுதவில்லை.

மாலையில் கதவைத் தட்டி அதைச் சொல்கிறேன். சிட்டு உடனே திறப்பதில்லை. அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், யாரிடமோ கேட்கிறாள்.

"இவரா?"

பிறகுதான் தாழ்ப்பாள் விலகும்.

சில நாட்களில் அதற்கு வெகுநேரம் ஆகிறது.