கண்ணாடியில் விழுந்த ஜன்னல்

அவர் அனுப்பிய படத்தில் முகம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடிதான் சரியில்லை.

வேறு யாராக இருந்தாலும் முகத்தைப் பார்த்திருப்பார்கள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எதிரே யார் வந்து நின்றாலும் முதலில் கண்ணாடி, அப்புறம்தான் ஆள். நடுக்கடலில், கப்பல் அறையில் உட்கார்ந்து இப்போதுதான் எடுத்தது என்று அவர் எழுதியிருந்தார். ஆனால் இரண்டு லென்ஸிலும் ஒரு ஜன்னல் விழுந்திருந்தது. அகலமான வீட்டு ஜன்னல். விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். திரைச்சீலையின் ஒரு முனை வளையத்திலிருந்து கழன்று தொங்கியது.

மத்தியானம் பிடித்த மழை பொழுது சாய்ந்தும் விடவில்லை. கூடத்தில் காயாத துணிகளின் முடை வாடை நிறைந்திருந்தது; ஃபிரிட்ஜ் முனகுவதும் அடங்குவதும் மறுபடி முனகுவதுமாக, வீட்டில் இன்னொரு ஜீவன் இருப்பதுபோல ஒரு பாவனை காட்டிக்கொண்டிருந்தது. கணவர் இறந்த பிறகு அவளுக்குக் கழுவ ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான். கப்பல் இன்ஜினியர் என்று சொல்லி இணையத்தில் அறிமுகமான இந்த மனிதர் தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதே அவள் நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது.

கைபேசி ஒலித்தது. வங்கியில் வேலை பார்க்கும் தங்கை.

"என்னக்கா, உன் கப்பல்காரர் இன்னும் கரை சேரலையா?"

"சும்மா இருடி. படம் அனுப்பியிருக்கார்."

"யார் படத்தை யார் வேணா அனுப்பலாம். வீடியோவில வரச் சொன்னியா?"

"எத்தனையோ தடவை சொல்லியாச்சு. சிக்னல் இல்லையாம்."

"படம் அனுப்ப சிக்னல் இருக்கு, மூஞ்சியைக் காட்ட இல்லையா? எங்க கவுண்டர்ல வந்து அழறவங்க எல்லாரும் இதே கதையைத்தான்க்கா சொல்றாங்க. அவன் வீடியோவில வரவே மாட்டான், எழுதி வச்சுக்கோ. பணம் கேட்டானா?"

"ஒரு பைசா கேக்கலை."

"கேப்பான். அதுக்குள்ள பிளாக் பண்ணு. வேற என்னதான் கேட்டான்?"

கேட்டவை ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. எந்த அறையில் தூங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார். விளக்கை அணைத்துவிடுவாயா, பக்கத்து வீட்டில் ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறார். அக்கறை என்று எடுத்துக்கொண்டாள். இன்று காலையில், 'மழைக்குக் கொல்லைக் கதவு உப்பிக்கொள்ளும், தாழ்ப்பாள் போட்டுத் திண்டாடாதே' என்று எழுதியிருந்தார். அவளும் போடவில்லை.

கதவு உப்பும் என்று அவரிடம் சொன்னோமா? மாதக்கணக்கில் பேசியதில் எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை?

"ஒண்ணும் கேக்கலை."

"அப்ப ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மழை. உனக்குச் சரியா கேக்கலை."

வைத்தவுடன் அவர் எண்ணை பிளாக் செய்தாள். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்பியதுபோல நெஞ்சு கனத்தது. இனி "சாப்பிட்டியா?" என்று கேட்க யாரும் இல்லை. ஏமாறுவதைவிடத் தனியாக இருப்பது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள்.

எதிரே அவளுடைய ஜன்னல். அகலமான ஜன்னல். திரைச்சீலையின் ஒரு முனை கழன்று தொங்கியது. மாட்ட வேண்டும், மாட்ட வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த முனை.

கண்ணாடியில் இவ்வளவு நேராக ஜன்னல் விழ வேண்டுமென்றால் ஆள் அதற்கு நேர் எதிரே இருக்க வேண்டும். அது அவள் தொழில். கணக்குத் தானாகவே ஓடியது. ஜன்னலுக்கு நேர் எதிரே கணவருடைய பழைய அறை வாசல். இப்போது அவள் முதுகுக்குப் பின்னால்.

ஃபிரிட்ஜ் அடங்கியது. மறுபடி முனகவில்லை.

துணி வாடைக்கு நடுவே இன்னொரு வாடை. ஈர மண். கொல்லையில் இருக்க வேண்டியது.

திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

மடியில் கைபேசி ஒளிர்ந்தது. தெரியாத எண். வீடியோ அழைப்பு.

வரமாட்டான் என்றாளே தங்கை. கப்பலும் கடலும் மட்டும் தெரிந்துவிட்டால் போதும். எல்லாம் வெறும் பயம் என்று ஆகிவிடும். அவரும் நிஜம் என்று ஆகிவிடும். அந்த ஆசைதான் விரலை நகர்த்தியது.

முகம் வந்தது. படத்தில் இருந்த அதே முகம். சிரித்தது.

அவள் அவர் கண்ணாடியைப் பார்த்தாள்.

இரண்டு லென்ஸிலும் ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னதாக ஒரு வெளிச்சம்.

"சாப்பிட்டியா?"

குரல் முதலில் பின்னாலிருந்து வந்தது. அப்புறம்தான் கைபேசியிலிருந்து.

லென்ஸில் இருந்த பெண் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தாள்.