ட்ரூடி எறிந்த ராஜாக்கள்

கைக்கு வந்த இரண்டு ராஜாக்களையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு ரெண்டையும் ஒரு ஏழையும் பிடித்து வைத்துக்கொண்டாள் ட்ரூடி.

பக்கத்து நாற்காலியில் அப்போதுதான் வந்து உட்கார்ந்த மார்லிஸுக்கு அது கண்ணில் விழுந்த தூசி போல உறுத்தியது. பதினோரு வருஷமாக, செவ்வாயும் வெள்ளியும், பாலைவன ஊரான ஹெண்டர்சனில் ஒரு சின்ன சூதாட்ட விடுதி சும்மா காலைச் சாப்பாடு போட்டு ஆள் சேர்க்கும் நேரத்தில், இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து கால் டாலர் வீடியோ போக்கர் ஆடுகிறார்கள். திரையில் ஐந்து சீட்டு விழும்; நல்லதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்ற வேண்டும்; ராஜா ஜோடி சேர்ந்தாலே போட்ட காசு திரும்பிவிடும். ட்ரூடி தூக்கத்தில்கூட ராஜாவை எறிய மாட்டாள்.

மாறி வந்த மூன்று சீட்டும் ஏழு, ஏழு, ரெண்டு. மூன்று ஏழு, இரண்டு ரெண்டு என்று பெரிய ஜெயிப்பு; இயந்திரம் குஷியாக மணியடித்தது. ட்ரூடி அடித்தொண்டையில் முனகினாள்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இத்தனை மணி நேரம் உட்கார்ந்து என்னத்தைக் கண்டாய் என்று மகள் பெத்தனி கேட்காத வாரமில்லை. மார்லிஸிடம் பதில் தயாராக இருக்கும். சரியாக ஆடத் தெரிந்தவளிடம் இந்த இயந்திரம் பிடுங்குவது சொற்பம். காபி சும்மா, முட்டையும் ரொட்டியும் சும்மா, வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே குளிர்ச்சி, பேச்சுத் துணைக்கு ட்ரூடி. ஒரு காலைப்பொழுதை இதைவிட மலிவாக எங்கே கழிக்க முடியும்? நேரம் போவதே தெரியாதே என்பாள். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்பாள் பெத்தனி.

ட்ரூடி அடுத்த சீட்டுகளைப் போட்டாள். மூன்று ராணிகள் வந்தன. மூன்றையும் எறிந்தாள்.

அப்போதுதான் மார்லிஸுக்கு வாடை தெரிந்தது. கம்பளத்தில் ஊறிப்போன பழைய சிகரெட் புகை, அதை மறைக்க விடுதிக்காரர்கள் காற்றில் கலந்துவிடும் தேங்காய் மணம், இரண்டுக்கும் அடியில், அவ்விரண்டாலும் மூடமுடியாமல், நாள்பட்ட வியர்வையும் மூத்திரமும் சேர்ந்து புளித்த நெடி. ட்ரூடியின் முன்னால் காபிக் கோப்பைகள் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றிலும் பாலாடை சுருங்கி மிதந்தது. ஒன்றைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை.

எப்போது வந்தாய் என்று மார்லிஸ் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

அன்றைக்கு இருவரும் சேர்ந்துதான் ஆடினார்கள். மார்லிஸ் மதியம் ஆட்டத்தை விட்டு எழுந்தபோது, போட்ட இருபது டாலர் தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறேன் என்று ட்ரூடி சொன்னாள். உடம்பில் இருப்பது அதே பச்சைச் சட்டை. இன்றைக்குச் செவ்வாய்.

"ஏய், வெளையாடாத. உன் பூனைக்கு யார் சோறு வச்சா?"

"தோத்துட்டுக் கெளம்பிடலாம்னு பாக்குறேன் மார்லிஸ். தோக்க விடமாட்டேங்குதுடி."

காசை எடுத்துக்கொண்டு எழுந்து வா என்று மார்லிஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். நட்டுவைத்த கம்பத்தை இழுப்பது போலிருந்தது. தோல் மட்டும் எலும்பின்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது. சாவிக்கொத்தோடு அந்தப் பக்கம் போன ஊழியன் டெஸ்மண்டைக் கூப்பிட்டாள். அவன் திரையை எட்டிப் பார்த்தான். "நல்லாத்தானே ஜெயிச்சிட்டிருக்காங்க, எதுக்கு எழுப்புறீங்க," என்று சிரித்தபடி நகர்ந்துவிட்டான். சுற்றிலும் முப்பது நாற்பது பேர். ஒருத்தரும் திரும்பவில்லை. பொத்தான்களின் சத்தம் மட்டும், தகரக் கூரையில் தூறல் விழுவது போல.

"எனக்காக ஒரே ஒரு தடவை அமுக்கேன்," என்றாள் ட்ரூடி. "வெரல் போச்சுடி."

அந்த விரலை மார்லிஸ் பார்த்தாள். வீங்கி, நகம் கருத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது. பதினோரு வருஷச் சிநேகிதி. ஒரு பொத்தான்தானே. மார்லிஸ் கையை நீட்டி அமுக்கினாள்.

பொத்தான் வெதுவெதுவென்றிருந்தது, காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி.

ட்ரூடியின் கை விலகியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மார்லிஸின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே, "மன்னிச்சுக்கடி," என்றாள். பிறகு நடந்தாள். எழுபதைத் தொடும் கிழவி, பள்ளி விட்ட பிள்ளை போல வேகமாக நடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வெயிலுக்குள் போனாள்.

மூன்றாவது அடியில் மடிந்து விழுந்தாள்.

மார்லிஸ் எழுந்து ஓடத்தான் நினைத்தாள். கால் நகரவில்லை. ட்ரூடியின் நாற்காலிக்கு எப்போது மாறி உட்கார்ந்தாள்? தெரியவில்லை. மெத்தை ஈரமாக இருந்தது.

சீட்டு விழுந்தது. இரண்டு ஏஸ். எறிந்தாள். மூன்று ஜாக்கி சேர்ந்தன.

ஐந்தையும் எறிந்தாள். நான்கு ராணிகள் வந்தன.

மணியடித்தது. யாரோ ஒரு கோப்பைக் காபியை வைத்துவிட்டுப் போனார்கள். ஆவி பறந்தது. மறுபடி பார்த்தபோது பாலாடை படிந்திருந்தது.

பெத்தனியைக் கூப்பிட வேண்டும். போன் இருந்த கைப்பை, அவள் முதலில் உட்கார்ந்த பக்கத்து நாற்காலியில்தான் தொங்கியது. இடது கையை நீட்டினாள். எட்டவில்லை. ஒரு சாண் தூரம். எட்டவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் குனிந்து ட்ரூடியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மற்றவன் தலையை அசைத்துவிட்டு வெள்ளைத் துணியை விரித்து, தலையிலிருந்து கால்வரை போர்த்தினான். பிறகு இருவரும் வண்டியின் நிழலுக்குப் போய் எதையோ எழுத ஆரம்பித்தார்கள். யாரும் துணியைப் பார்க்கவில்லை.

மார்லிஸ் பார்த்தாள்.

காற்று இல்லை. துணி அசையவில்லை. இடுப்புக்குப் பக்கத்தில், ஒரே ஓர் இடத்தைத் தவிர. அங்கே விரல் நுனியளவு ஒரு சிறு மேடு எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. தாழ்ந்தது.

அது ஒவ்வொரு முறை தாழும்போதும், மார்லிஸின் திரையில் ஒரு சீட்டு திரும்பியது.