உள்ளங்கைச் சோதனை

தொட்டதும் ஹனீஃபா கையை எடுத்துவிட்டார். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடி நின்ற எஞ்சினின் சூடு இல்லை. தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி. மூன்று மாதமாக ஓடவே இல்லை என்று சொல்லி விற்கிற ரோடு ரோலருக்கு அந்தச் சூடு எதற்கு? மக்கர் பண்ணும் எஞ்சினை, ஆள் வருவதற்குள் ஒரு ஓட்டு ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவது பழைய வண்டி விற்பவர்களின் வித்தைகளில் அரிச்சுவடி. அதற்காகத்தான் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கே வந்து நின்றார்.

"இன்னாம்மா, இப்பத்தான் ஓட்டி வெச்சாங்களா?"

கிண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த அந்த ஷெட்டுக்கு முனியம்மாள்தான் காவல். அவள் உள்ளே வராமல் கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"பேட்டரியக் கழட்டி எட்த்துக்கினு பூட்டாங்க பாய். இன்னாத்த வெச்சி ஓட்றது?"

பேட்டரிப் பெட்டி காலிதான். புகைக்குழாய் வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் சில்லென்று இருந்தது. ஹனீஃபாவுக்குச் சந்தேகம் தீரவில்லை, கூடிற்று. வாங்குபவர்களுக்காகப் பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்வதுதான் அவர் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வண்டியை நல்ல வண்டி என்று சொல்லிவிட்டார். பெயிண்டுக்கு அடியில் இருந்த விரிசல் அவர் கண்ணில் படவில்லை. அடையாறில் வேலை நடந்தபோது டிரைவர் இசக்கிமுத்துவின் கால் போயிற்று. அதற்கப்புறம் அவர் யாரையும் நம்புவதில்லை, தன் கண்ணையும் சேர்த்து.

இந்த வண்டியை வாங்கப்போவது ஒரு காண்ட்ராக்டர். நாளையிலிருந்து ஓட்டப்போவது ஹனீஃபாவின் மனைவி ரூபீனாவின் தம்பி காஷிஃப். "என் தம்பி உக்கார்ற வண்டிங்க. நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று காலையில் சைதாப்பேட்டை வீட்டு வாசலில் அவள் சொல்லியிருந்தாள்.

கூடவே வந்திருந்த காஷிஃபுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. முப்பத்தைந்து வயசு ஆள், கொண்டுவந்த பேட்டரியை மாட்டிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை கணக்காக சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"மச்சான், ஸ்டார்ட் பண்ணவா?"

"பண்ணு."

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கரும்புகை இல்லை, வெள்ளைப் புகை இல்லை. தகரச் சுவர்கள் அதிர, தரை வழியாகக் கால் எலும்புக்குள் ஏறிய அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு கிடைக்குமா என்று ஹனீஃபா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கிடைக்கவில்லை. ஆயில் ஊற்றும் துவாரத்தின் மூடியைத் திருகி எடுத்தார். ஓடுகிற எஞ்சினில் அந்தத் துவாரத்தை உள்ளங்கையால் மூடிப் பார்ப்பது அவர் தொழிலில் பழைய சோதனை. உள்ளே தேய்ந்திருந்தால் காற்று குபுகுபுவென்று கையைத் தள்ளும். புது எஞ்சின்கூடக் கொஞ்சம் தள்ளும்.

இது தள்ளவே இல்லை.

"பட்டு மாதிரி ஓடுது மச்சான்!"

அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "நிறுத்து."

எஞ்சின் அடங்கியது. எங்கோ மின்சார ரயில் போகிற சத்தம் தேய்ந்து, அதுவும் இல்லாமல் போயிற்று. டீசல் நெடிக்கு அடியில் இன்னொரு வாடை, தூங்கி எழுந்தவர் வாயிலிருந்து வருகிற வாடை. அவர் கை இன்னும் துவாரத்தின் மேலேயே இருந்தது.

அப்போது காற்று வந்தது.

ஈரமாக, உள்ளங்கை நடுவில். பிறகு உள்ளே இழுத்தது. மறுபடி வெளியே வந்தது. அவசரமே இல்லாமல்.

நின்றுபோன எஞ்சின் இழுத்து விடாது. இருபத்தாறு வருஷத் தொழிலில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. கையை அழுத்தி மூடினார். காற்று நின்றது.

"காஷிஃப், எறங்கு."

நிமிர்ந்து பார்த்தார். காஷிஃப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நெஞ்சு அசையவில்லை.

கையை எடுத்தார். காஷிஃபின் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

சந்தேகப்பட்டே பழகிய கை. இன்னொரு தடவை மூடிப் பார்த்தது. காஷிஃபின் முகம் கறுத்தது. எடுத்தார்.

ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவன் வரவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"மூடாதீங்க மச்சான்."

காஷிஃபின் உதடு அசையவில்லை. குரல் துவாரத்திலிருந்து வந்தது.

வாசலைப் பார்த்துக் கத்தினார். முனியம்மாள் அங்கே இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. முதல் சொட்டு துவாரத்தின் விளிம்பில் விழுந்தது. அடுத்தது உள்ளே. காஷிஃப் இருமினான். புரையேறியவனின் இருமல்.

ஹனீஃபா பாய்ந்து துவாரத்தின் மேல் குனிந்தார். ஒழுகல் முழுதும் அவர் முதுகில் விழுந்தது. மூடவும் முடியாது, விலகவும் முடியாது. அந்த வெதுவெதுப்பான மூச்சு அவர் முகத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. தண்ணீர் பிடரியில் இறங்கி, காதோரம் வழிந்து, தாடி நுனியில் சேர்ந்தது.

தாடியிலிருந்து சொட்டியது.

காஷிஃப் மறுபடி இருமினான்.