பூஜ்யம் காட்டிய அறை

நான்தானோ? குழந்தை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தபோது, தூக்கக் கலக்கத்தில் நானே எதையோ மாற்றிவிட்டு மறந்துபோனேனோ?

லீவு முடிந்து வந்ததிலிருந்து குருவிக்குள் இந்த ஒரே கேள்விதான். கதவு சாத்துகிற சத்தத்துக்கே துள்ளி விழுவாள் என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது. மருந்துக் கிடங்கின் கணினிப் பிரிவில் வேலை. கிடங்கில் மருந்துகளைக் குளிரில் வைக்கும் உலர்பனி (டிரை ஐஸ்) அறையில் மயங்கி விழுந்த ஸ்டோர்கீப்பர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை. உலர்பனி கரைந்தால் தண்ணீர் வராது; வாசனையே இல்லாத கரியமில வாயுதான் வரும். அளவு மிஞ்சினால் ஆளைச் சாய்த்துவிடும். அறை வாசலில் இருந்த திரையில் வாயு அளவு பச்சை நிறத்தில் பூஜ்யம் என்றிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே போயிருந்தார்.

சென்சார் அனுப்பும் செய்தியைத் திரைக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றித் தரும் நிரல், குருவி எழுதியது.

"நிரல்ல நடந்த மாற்றம் இவ பேர்லதான் பதிவாகியிருக்கு, மேடம். நல்ல பொண்ணுதான். என்ன செய்றது, கை தவறிடுச்சு," என்றார் மேலாளர்.

காப்பீட்டு நிறுவனத்துக்காகத் துப்புத் துலக்க வந்திருந்த அம்மாள் கூட்ட அறையின் சுவரில் இருந்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மருமகள்தான் உதவியாளர்.

"அத்தை, ஆள் தெரிஞ்சாச்சு. கிளம்பலாமா?"

"உலை கொதிக்கிறதுக்குள்ள தட்டைத் தூக்கிட்டு வந்துடுவா என் மருமக." அம்மாள் குருவியிடம் திரும்பினார். "அது என்னம்மா நம்பர்? நாம வந்தப்ப நானூத்தி இருபது. இப்ப அறுநூறு."

"இந்த ரூம்ல இருக்கிற கரியமில வாயுங்க. நாம மூச்சு விட விட ஏறும்."

"வெளியில, திறந்த வெளியில?"

"நானூறு சொச்சம். எங்கயுமே அதுக்குக் கீழ பெரிசா இறங்காது." சொல்லி முடித்ததும்தான் குருவிக்கே உறைத்தது.

"அப்போ உலர்பனி குவிஞ்சு கிடக்கிற அறையில மட்டும் பூஜ்யம் எங்கிருந்து வந்துச்சு?"

 குருவிதான் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "சென்சார் மேல பனி படிஞ்சா அதால அளக்க முடியாது. அளவு இருக்க வேண்டிய இடம் காலியா செய்தி வரும். அப்படி வந்தா அதை எண்ணா மாத்தக் கூடாதுன்னுதான் எழுதியிருந்தேன். அதை ஒதுக்குப் பெட்டியில தள்ளிட்டு மணி அடிக்கும்."

மருமகள் அதற்குள் கணினியை இழுத்து வைத்துக்கொண்டாள். "ஒதுக்குப் பெட்டியில ஒண்ணுமே இல்ல, அத்தை! காலியா வந்தா பூஜ்யம்னு போடச் சொல்லி யாரோ மாத்தியிருக்காங்க."

"யாரோ இல்லம்மா, இவதான். வீட்டிலிருந்தும் மாத்தலாமே," என்றார் மேலாளர்.

மாற்றலாம்தான். லீவில் அவள் மடிக்கணினியைத் திறந்ததும் உண்மை. 

"அந்தச் செய்தி திரைக்கு மட்டும்தான் போகுதா?" என்று கேட்டார் அம்மாள்.

"ரெண்டு வழிங்க. இன்னொண்ணு பழைய பதிவையெல்லாம் சேர்த்து வைக்கிற ஆவணக் கிடங்குக்கு. அதுக்கு வேற வடிவம், வேற நிரல். அங்க காலியா வந்தா காலியாவே வைக்கும். ஒண்ணுல கை வச்சா இன்னொண்ணுலயும் கை வைக்கணும். இல்லைன்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது."

மருமகள் தேடினாள். விபத்து நடந்த வேளையில் திரை வழியில் பூஜ்யம். ஆவண வழியில் காலி இடம்.

அம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எழுதினவளுக்கு ரெண்டு வழியும் தெரியும். மாத்தின ஆளுக்குக் கண்ணுல படுற வழி மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. லீவு போறப்போ பாஸ்வேர்டை யார்கிட்ட கொடுத்தேம்மா?"

"சார்கிட்ட. எல்லாருமே அவர்கிட்ட கொடுத்துட்டுதான் போகணும்."

"இவ லீவுல இருந்த வாரம் கிடங்கைச் சுத்திப் பார்க்க ஆள் வந்ததா வாசல்ல காவல்காரர் சொன்னார். பெரிய வாடிக்கையாளராம். அவங்க எதிர்ல நொடிக்கொரு தரம் மணி அடிச்சா மானம் போகாதா, சார்?"

மேலாளரின் முகம் வெளுத்தது. "ரெண்டே நாளைக்குன்னு நினைச்சேன்... திரும்ப மாத்த மறந்துட்டேன்."

"இதெல்லாம் நான் போட்ட கணக்கு. உங்க மேலிடம் கேட்டா நீங்க இல்லைன்னுடலாம். பதிவுல இருக்கிறது இந்தப் பொண்ணு பேரு. இவ சொல்றதுதான் நிக்கும்," என்றார் அம்மாள்.

மேலாளர் குருவியின் பக்கம் குனிந்தார். "அறியாம செஞ்சிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. நான் செஞ்சேன்னு தெரிஞ்சா ஜெயில். இந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் யாரு?"

அவர்தான். நேற்றுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்; சொன்னதை நம்பியும் இருப்பாள். பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தின் முகம் மட்டும் மாறிவிட்டிருந்தது: நேற்றுவரை அவளுக்கு அவளையே பயம், இன்று இவரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டோர்கீப்பரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது நினைவுக்கு வந்தது: "பச்சையாத்தானே இருந்துச்சு, அப்புறம் ஏம்மா இப்படி ஆச்சு?" அதற்கான பதில் இப்போது குருவிக்குத் தெரியும்.

குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிடுங்க, சார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."